கடலூர் வாடையில் சிக்கிய ரீல், காவேரிப்பட்டணத்தில் பிரித்துப் பார்த்தது

2025 மாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கடலூர் முகத்துவாரத்தில் நின்றுகொண்டு நான் திட்டிய திட்டு முழுக்க வாடைக் காற்றுக்குத்தான் போனது. அதில் பாதி என் தூண்டில் ரீலுக்குப் போயிருக்க வேண்டும், மீதி எனக்கே. இது தெரியவர இரண்டு சாயங்காலமும், கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கைத் தேடிய முக்கால் மணி நேரமும், வீட்டில் வாங்கிய ஏச்சும் செலவாயின. என்னை மாதிரி கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு, வருஷத்துக்கு நாலு முறை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நமக்குக் காவேரிப்பட்டணம். மோட்டார் ரீவைண்டிங் தொழில். சுற்றுவட்டார மாந்தோப்புகளில் எரிந்துபோகிற சப்மெர்சிபிள்களில் ஒரு பங்கு என் பட்டறைக்கு வரும். கடலோடு உறவு என்றால் இரண்டு. வீட்டுக்காரியின் தம்பி கடலூரில் குடியிருக்கிறான், அது ஒன்று. இன்னொன்று தென்பெண்ணை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையைத் தாண்டி எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற ஆறு சாத்தனூரில் ஒருமுறை தேங்கி, திருக்கோவிலூரைக் கடந்து, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்குகிறது என்று டிவியில் காட்டுவார்களே, அதே ஆறுதான். நம்ம ஊர்த் தண்ணீர் கடலில் விழுகிற இடத்தில் நின்று தூண்டில் போடுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு மணல் திட்டில் நின்றபோது போன் காற்றை 25 கிலோமீட்டர் என்று காட்டியது. வடகிழக்கிலிருந்து அடித்தது. கணுக்கால் உயரத்துக்கு மணல் பறந்து காலில் ஊசி மாதிரி குத்தியது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது எங்கள் ஊரில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு சொல்கிற பழமொழி. ஈரச் சட்டையோடு வாடையில் நிற்கிறவனுக்கு மச்சு என்ன, எலும்பையே துளைக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளமெல்லாம் இந்த வழியாகத்தான் இறங்கியது. அதற்குப் பிறகு திட்டின் அமைப்பே மாறிப்போச்சு மாமா, முன்னே ஆழமாக இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணிதான் என்று மச்சினன் காட்டினான்.

ஏழடிக் கம்பு, 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், பி.இ. 1.5 பிரெய்டு நூல், முனையில் இரண்டடி தங்கூசி (நைலான் நரம்பு), அதில் பத்து கிராம் ஜிக்ஹெட்டோடு, அதாவது ஈயத் தலை வைத்த முள்ளோடு, ஒரு ரப்பர் மீன். கொடுவா மீனுக்குத்தான் ஆசை. எறிந்தால் ரப்பர் மீன் போகிற தூரத்தைவிட நூல் பக்கவாட்டில் வளைகிற தூரம் அதிகமாக இருந்தது. நாலு எறிதலுக்கு ஒருமுறை ஸ்பூலிலிருந்து, அதாவது ரீலில் நூல் சுற்றியிருக்கிற உருளையிலிருந்து, நூல் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்து கம்பின் முதல் வளையத்தில் அடைத்துக்கொள்ளும். காற்று முடிச்சு என்று சொல்வது இதைத்தான். விறைத்த விரலை வைத்துக்கொண்டு அந்தக் கொத்தை நகத்தால் பிரிக்கிற வேலை இருக்கிறதே, சேலைத் தலைப்பில் ஒட்டிய நெருஞ்சி முள்ளை இருட்டில் எடுக்கிற மாதிரி. இரண்டு முறை பிரித்தேன், மூன்றாவது முறை அறுத்து எறிந்தேன். மத்தியானத்துக்குள் நாற்பது மீட்டர் நூலாவது போயிருக்கும்.

பக்கத்தில் ஒரு பெரியவர், கம்பும் இல்லை ரீலும் இல்லை, பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் இறால் துண்டு. கையாலேயே சுழற்றி எறிந்து எறிந்து கிழங்கான் மீன் எடுத்துக்கொண்டிருந்தார். நான் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது வாடை. மேல தண்ணி கலங்கிக் கெடக்கு, மீனு அடியில படுத்துக்கிட்டு இருக்குது. நீ மேலயே இழுத்துக்கிட்டு இருந்தா அது எந்திரிச்சு வருமா?"

"ஈயம் பத்தலையாண்ணே?"

"ஈயமும் பத்தல. அந்த மெஷினும் என்னமோ கத்துதே."

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்போது என் காதில் ஏறவில்லை. முதலாவது ஏறியது. அவர் சொன்னது சரிதான் என்று இப்போது யோசித்தாலும் தோன்றுகிறது. கொடுவா சூட்டுக்குப் பழகிய மீன், தண்ணீர் குளிர்ந்தால் மந்தமாகிவிடும், இரையைத் துரத்துகிற வேகமும் குறையும். முகத்துவாரத்தின் ஆழமில்லாத தண்ணீர் ராத்திரிக் குளிரில் சீக்கிரம் ஆறிப்போகிறது, மத்தியானம் வெயில் ஏறியதும் சீக்கிரம் சூடாகிறது. அதனால் இந்த மாதத்தில் விடியற்காலையைவிட மதியத்துக்கு மேல் நிற்பது நல்லது. நான் செய்ததோ விடியக் காலையில் குளிரில் நின்றுவிட்டு, மீன் அசைய ஆரம்பிக்கிற நேரத்தில் மச்சினன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியது. அன்றைய மொத்த வரவு ஒரு கெளுத்தி. அதையும் முள் குத்திவிடும் என்று பயந்து பயந்து கழற்றித் தண்ணீரிலேயே விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ரீலைக் குழாயடியில் கழுவினேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கழுவித்தான் வைக்கிறேன், அதில் எனக்குப் பெருமையே உண்டு. மூன்று நாள் கழித்துப் புது நூல் சுற்றலாம் என்று எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால், நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றிவிடுகிற பெயில் கம்பி திரும்புகிற இடத்திலிருந்து கீ... கீ என்று ஒரு சத்தம். பெரியவர் சொன்ன சத்தம். ஈர நூலைப் பிடித்து அங்கே இருக்கிற லைன் ரோலர் என்ற குட்டி உருளை மேல் போட்டு இழுத்துப் பார்த்தேன். ரோலர் அசையவில்லை. நூல்தான் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. நகத்தை வைத்துத் தடவினால் ரோலரில் முடி அளவுக்கு ஒரு பள்ளம். நூல் அறுத்த பள்ளம்.

ரோலர் சுண்டு விரல் நகம் அளவுகூட இருக்காது. ஆனால் ரீலுக்குள் வருகிற நூல் முழுக்க அதன் மேல் தொண்ணூறு டிகிரி திரும்பித்தான் ஸ்பூலுக்குப் போகிறது. அது சுற்றினால் நூல் உருண்டு போகும். நின்றுவிட்டால் நூல் உரசும், உரசும்போது முறுக்கு ஏறும். முறுக்கேறிய நூல் இழுவையில் இருக்கும்வரை ஒழுங்காக இருக்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் தானாகச் சுருண்டு வளையம் போட்டுக்கொள்ளும். இப்போது காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எறிந்த நூல் வில் மாதிரி வளைந்து கிடக்கும், முதல் பத்துச் சுற்று அந்த வளைவைத்தான் உள்ளே இழுக்கிறோம், இழுவையே இருக்காது. தளர்ந்த வளையங்கள் ஸ்பூலில் போய் உட்காரும், அதன் மேல் இறுக்கமான நூல் ஏறும், அடுத்த எறிதலில் மேலே இருப்பது அடியில் இருப்பதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். காற்று மட்டும் இருந்திருந்தால் பத்துக்கு ஒன்று சிக்கியிருக்கும் என்பது என் கணக்கு. ரோலரும் சேர்ந்துகொண்டதால்தான் நாலுக்கு ஒன்று.

சரி, பிரிக்கலாம் என்று சாயங்காலம் பட்டறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்தேன். ஒவ்வொரு சாமான் கழற்றியதும் போனில் ஒரு படம். இதை மட்டும் தயவுசெய்து சோம்பல் படாமல் செய்யுங்கள், இருபது வருஷ மெக்கானிக் என்ற திமிரில் விட்டுவிட்டு நடுவில் முழித்த அனுபவம் எனக்கு உண்டு. மீன் இழுத்தால் நூலை அளவாக வழியவிடுகிற பிரேக்தான் டிராக், அதன் குமிழைத் திருகி ஸ்பூலை எடுத்தாயிற்று, கைப்பிடியை எடுத்தாயிற்று. ஸ்பூலைச் சுற்றி ஓடுகிற ரோட்டரின் நட்டில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். சில ரீல்களில் அது இடது மறை, சைக்கிளின் இடது பெடல் மாதிரி எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். என்னுடையதும் அப்படித்தான். முரட்டுத்தனமாக வழக்கமான பக்கம் திருகியிருந்தால் நட்டின் முனை மழுங்கியிருக்கும்.

ரோலரைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ அசையவே மாட்டேன் என்றது. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ், அது இறங்கியிருக்கிற, பெயில் கம்பியைத் தாங்குகிற கை அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம், அப்புறம் என்ன, பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். டபிள்யூ.டி-40 ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் வைத்தேன், அசையவில்லை. சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ உடைந்ததா விட்டதா என்று ஒரு கணம் மூச்சே நின்றது. விட்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கையைக் கழற்றும்போது பெயில் ஸ்பிரிங் எகிறிப் பறந்து, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. மேலே சொன்ன முக்கால் மணி நேரம் அதுதான். இப்போதெல்லாம் ஸ்பிரிங் இருக்கிற பாகத்தை ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் கழற்றுகிறேன்.

ரோலருக்குள் ஒரு சின்ன பேரிங், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு. உப்பு என்றுதான் நினைத்தேன். கடலுக்குப் போன ரீல், வெள்ளையாக இருக்கிறது, உப்பில்லாமல் வேறென்ன? ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவைத்தேன். கரையவில்லை. உப்பு தண்ணீரில் கரையாதா?

அப்போதுதான் சமையலறையிலிருந்து வெள்ளை வினிகர் எடுத்துவந்து காது பட்ஸில் நனைத்து அந்தப் பொருக்கின் மேல் வைத்தேன். சுர்ர் என்று நுரைத்தது. கிட்டத்தில் காதை வைத்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சத்தம். சுண்ணாம்பு. கடல் சுண்ணாம்பு இல்லை, எங்கள் வீட்டு போர்வெல் சுண்ணாம்பு.

எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. தினமும் பட்டறையில் பம்பைப் பிரித்து உள்ளே படிந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டி, "பாருங்கண்ணா, உங்க போர் தண்ணி உப்புத் தண்ணி, சுண்ணாம்பு கட்டி இம்பெல்லரையே பிடிச்சிருக்கு" என்று தோட்டக்காரர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். வீட்டில் கெய்சர் காயில் வருஷம் ஒருமுறை வெள்ளைக் கரும்பு மாதிரி தடித்துப்போய் வெளியே வருகிறது. ஃபுளோரைடு, உப்பு என்று கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடித் தண்ணீரைப் பற்றி ஊருக்கே தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்த போர் தண்ணீரில் ரீலைக் கழுவி, துடைக்காமல், அப்படியே நிழலில் காயவைத்திருக்கிறேன், இரண்டு வருஷம். ஒவ்வொரு முறையும் ரோலருக்குள் தங்கிய ஒரு சொட்டு காய்ந்து ஒரு படலம் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவை டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தேன், போர் 1,340, வீட்டு ஆர்.ஓ. 60. குடிநீரில் 500க்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தரநிலை.

அதற்காகக் கழுவாமலே விட்டிருக்கலாமா என்றால் அதுவும் இல்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு முப்பது கிராமுக்கு மேல் உப்பு, அதன் முன்னால் என் போர் தண்ணீர் தேன். உப்பைக் கரைக்க போர் தண்ணீர் போதும், ஆனால் கடைசியாக ரீல் மேல் காய்கிற தண்ணீர் அதுவாக இருக்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

ரீல் முழுக்கத் துருவிப் பார்த்ததில் வெள்ளை மூன்று வகையாக இருந்தது. ஸ்பூலுக்கு அடியில், தண்டைச் சுற்றி இருந்தது தண்ணீர் பட்டதும் கரைந்தது, அதுதான் நிஜமான உப்பு. ரோலரிலும் கைப்பிடி மூட்டிலும் இருந்தது வினிகரில் நுரைத்தது, அது சுண்ணாம்பு. ஸ்க்ரூ துளையைச் சுற்றி இருந்தது இரண்டுக்கும் அசையவில்லை, குண்டூசியால் சுரண்டினால் பவுடராக வந்து அடியில் சின்னச் சின்னக் குழி. அது எதுவும் படிந்ததில்லை, அலுமினியமே அரித்து வெள்ளையானது. அதைச் சுத்தம் செய்யலாமே தவிரப் போனது போனதுதான். சுரண்டிவிட்டு மெல்லிதாக கிரீஸ் பூசி மூடினேன். வினிகரை ரொம்ப நேரம் வைக்காதீர்கள், அது அலுமினியத்தையும் தின்னும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். பேரிங்கை அதில் போடவே கூடாது.

பேரிங்கைப் பெட்ரோலில் போட்டு அலசினேன். மூடியைப் பிடித்திருக்கிற வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஊதிக் காயவைத்து விரலில் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. குண்டில் துரு ஏறிவிட்டது. இதற்கு மேல் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. வெர்னியரில் அளந்தேன், உள் விட்டம் 4, வெளி விட்டம் 7, தடிமன் 2.5 மில்லிமீட்டர். நான் தினமும் கையாளுகிற 6204 பேரிங்கின் உள் விட்டம் மட்டும் 20. ஓசூரில் நான் வழக்கமாக வாங்குகிற பேரிங் கடையில் இதைக் காட்டினேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து, "அண்ணா, இது மூக்குத்தியா?" என்றார். எம்.ஆர். 74 என்று சொன்னால் ஆன்லைனில் கிடைக்கிறது, ரிமோட் கார், டிரோன் வைத்திருக்கிறவர்கள் வாங்குவார்கள். முன்னால் எஸ் எழுத்து போட்ட ஸ்டெயின்லெஸ் வகையைப் பார்த்து வாங்கவேண்டும். இரண்டு பேரிங் 180 ரூபாய். பள்ளம் விழுந்த ரோலரைத் தண்ணீர்க் காகிதத்தால் (நனைத்துத் தேய்க்கிற எமரித் தாள்), 2000 நம்பர், தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். நகத்தில் தட்டவில்லை என்றால் போதும், தட்டினால் புது ரோலர்தான் போட வேண்டும்.

பேரிங் வருவதற்குள் ரீலின் வயிற்றையும் பார்த்துவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். பல் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த கிரீஸ் போன வருஷம் நானே வைத்தது, வண்டி வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ். மாசிக் காலையில் அது இறுகிப்போய்க் கிடந்தது. எங்கள் வீட்டில் இந்த மாதங்களில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் தலைக்கு வரும், இதுவும் அதே கதை. மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டு, கடல் வேலைக்கென்று விற்கிற மெல்லிய கிரீஸை மெயின் கியர் பல்லில் மட்டும் தடவினேன். இங்கே ஒரு தப்பு செய்தேன். தாராள மனசில் பினியன் என்கிற சின்னப் பல் சக்கரத்தின் பக்கமும் நிறையத் தடவி, அது வழிந்து, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற ஆன்ட்டி ரிவர்ஸ் கிளட்சுக்குள் போய்விட்டது. எல்லாம் பூட்டி முடித்துக் கைப்பிடியைச் சுற்றினால் முன்னாலும் சுற்றுகிறது, பின்னாலும் சுற்றுகிறது! மீன் இழுத்தால் கைப்பிடி விரலை உடைத்துவிடும்.

அந்தக் கிளட்சுக்குள் சின்ன உருளைகள் சரிவான பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் உருளும், மறுபக்கம் சுற்றினால் சரிவில் ஏறி ஆப்பு மாதிரி இறுகிப் பிடிக்கும். கிரீஸ் உள்ளே போனால் உருளைகள் அதில் மிதந்துகொண்டு பிடிக்கிற இடத்துக்கு வராது, குளிரில் இன்னும் மோசம். குளிர்காலத்தில் மட்டும் ரீல் பின்னால் வழுக்குகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். மறுபடியும் பிரித்தேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஊசி நுனியில் ஒரே ஒரு சொட்டு. பிடித்துக்கொண்டது.

டிராக்கில் இருந்த ஃபெல்ட் வட்டுகள் உப்பேறி அட்டை மாதிரி விறைத்திருந்தன. ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து நிழலில் காயவைத்து டிராக் கிரீஸ் தடவினதும் பழைய மெதுமை வந்தது. ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் எடை பார்க்கிற கைத்தராசு ஒன்று இருந்தது, அதில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்து இரண்டு கிலோவில் நூல் வழிகிற மாதிரி வைத்தேன். நூலில் இருக்கிற முடிச்சு, முனைத் தங்கூசி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எது முதலில் அறுமோ அதன் தாங்குசக்தியில் மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம். முன்னால் கையால் இழுத்துப் பார்த்து "ம், சரியா இருக்கு" என்று விடுவேன். தராசில் பார்த்தால் அந்த "சரியா இருக்கு" நாலரைக் கிலோ.

அடுத்த ஞாயிறு கே.ஆர்.பி. அணைக்குக் கொண்டுபோனேன். அங்கே பரிசல் போட்டு வலை வீசிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வம்பு வேண்டாம் என்று முள்ளே கட்டவில்லை, இருபது கிராம் ஈயம் மட்டும். கரையில் காற்று நன்றாக அடித்தது, கடலூர் அளவுக்கு இல்லை, ஆனால் சோதிக்கப் போதும். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, முள்ளு கட்ட மறந்துட்டீங்க" என்றான். சோதனை பண்றேன்டா என்றேன். அவன் நம்பவில்லை. போகிறபோது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அன்றைக்கு நூறு எறிதலாவது எறிந்திருப்பேன். ஸ்பூலின் விளிம்பு வரைக்கும் நூலை நிரப்புகிற பழக்கத்தை விட்டு, இரண்டு மில்லிமீட்டர் குறைத்துச் சுற்றியிருந்தேன். கம்பைத் தலைக்கு மேல் வீசாமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசினால் ஈயம் காற்றுக்கு அடியில் போகிறது, நூலின் வளைவு பாதியாகக் குறைகிறது. ஈயம் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் விரல் நுனியை ஸ்பூல் விளிம்பில் வைத்து நூலை மெல்லத் தடுத்தால் அது நேராக நீட்டி விழும். விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடாமல் கையாலேயே மூடி, கம்பை ஒரு இழுப்பு இழுத்து நூல் ரோலரில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, முதல் பத்துச் சுற்றை இரண்டு விரலுக்கு நடுவில் நூலைப் பிடித்தபடி சுற்ற வேண்டும். இது கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்தது. நூறில் ஒரே ஒரு முடிச்சு விழுந்தது, அதுவும் பையனோடு பேசிக்கொண்டே விரல் வைக்க மறந்தபோது.

மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு மறுபடியும் கடலூர். தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும், அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று மச்சினன் சொன்னான். இந்த முறை காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு பதினோரு மணிக்கு மேல்தான் திட்டுக்குப் போனோம். காற்று கொண்டலாக, அதாவது கிழக்குக் காற்றாகத் திரும்பியிருந்தது, வேகம் முன்னை மாதிரியே. முகத்துவாரத்தின் வாயில் நிற்காமல் உள்பக்கம், மணல் திட்டு காற்றை மறைக்கிற இடத்தில், தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரத்தில் நின்றோம். கொடுவா ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பெரியவர் பாணியில் இருபது கிராம் ஈயம், சின்ன முள், இறால் துண்டு, அடியில் போட்டு மெதுவாக இழுத்தல். அவரைத் தேடினேன், அன்றைக்கு வரவில்லை. மெஷின் கத்துவது நின்றுவிட்டது அண்ணே என்று சொல்ல நினைத்திருந்தேன்.

நாலு மணிக்குள் ஏழு கிழங்கான், ஒவ்வொன்றும் ஒரு சாண். ஒரு குட்டிப் பாறை மீன், அதை விட்டுவிட்டோம். கடைசியில் ஏதோ ஒன்று பெரியதாகப் பிடித்து டிராக்கை முப்பது மீட்டருக்கு இழுத்துக்கொண்டு போய் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போனது. டிராக் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை, வழுவழு என்று போனது. மீன் போனதில் மச்சினனுக்கு வருத்தம். எனக்கு அந்தச் சத்தமே போதும் என்று இருந்தது. முடிச்சு? இரண்டு. இரண்டும் பிரிந்துவிட்டன, நூலை அறுக்கவில்லை.

காரின் டிக்கியில் ஐந்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேன் கொண்டுபோயிருந்தேன். டிராக்கை இறுக்கி வைத்துக்கொண்டு ரீல் மேல் மெதுவாக ஊற்றி, பீய்ச்சி அடிக்காமல், பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும், ரோலரை விரலால் சுற்றிச் சுற்றி அலசினேன். அப்புறம் பழைய பனியன் துணியால் துடைத்து, ரோலர் இடுக்கில் ஊதி, டிராக்கைத் தளர்த்தி சீட்டில் வைத்தேன். மச்சினன் மீன் பையைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கை முழுக்க மணலும் செதிலும். கேனில் இன்னும் கொஞ்சம் இருந்தது, கையை நீட்டினான். இரு, வீட்டில் போய் ஸ்பூலை அலச வேண்டும் என்று மூடியைத் திருகினேன்.

"நல்லா இருக்கு மாமா. ரீலுக்கு கேன் தண்ணி, மச்சினனுக்கு அடி பம்பு."